கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் ஐந்து கிலோ கொழுப்பு

ஊராரின் உடம்பைத் திருத்தப் புறப்படுகிறவர்களுக்கு வாய் கொஞ்சம் நீளம். எனக்கு இருபத்தாறு வயதில் அது மடவளையிலிருந்து யாழ்ப்பாணம் வரை நீண்டிருந்தது.

யுத்த காலம். பொதுச் சுகாதாரத் தாதியாக, மொடமொடக்கும் வெள்ளைச் சீருடையுடன் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வந்திருந்தேன். மாதம் ஒருமுறை பக்கத்து ஊரான மடவளையில் பிள்ளைகளை நிறுக்கும் கிளினிக். மெலிந்த பிள்ளைகளைத்தான் எல்லோரும் தேடுவார்கள். நானோ குண்டுப் பிள்ளைகளையும் விடுவதில்லை என்று சபதம் எடுத்திருந்தேன். (யார் கேட்டது? ஒருவரும் கேட்கவில்லை.)

முதல் மாதமே ஹம்சியா என்ற தாய், தன் ஐந்து வயது மகள் ரிஸ்னாவைத் தராசில் ஏற்றினாள். முள் போன இடத்தைப் பார்த்ததும், "இது பிள்ளையோ, சீமெந்து மூட்டையோ?" என்றேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"மாஷா அல்லாஹ்ண்டு சொல்லிட்டுப் பேசுங்க மிஸ். புள்ளக்கிக் கண்ணூறு பட்டுடும்" என்று சொல்லி, பிள்ளையின் கிளினிக் அட்டையைப் பறித்துக்கொண்டு போய்விட்டாள். 'அறியாமை' என்று என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். (யாருடைய அறியாமை என்று எழுதவில்லை.)

இவர்களுக்கு வாயால் சொல்லி விளங்காது, கண்ணால் காட்ட வேண்டும் என்று முடிவெடுத்தேன். ஐந்து கிலோ மிகைக் கொழுப்பை மேசையில் வைத்து, "உங்கட பிள்ளை இதை இரவு பகலாகச் சுமக்குது" என்று முழங்குவது திட்டம். இறைச்சிக் கடைக் கொழுப்பு நாறும். மாஜரினுக்கு என் சம்பளம் காணாது. நான் வாடகைக்கு இருந்த அறைக்குக் கீழே ஒரு பேக்கரி இருந்தது. பாணுக்குப் பிசைந்த மாவில் ஐந்து கிலோ வாங்கி, கொழுப்பின் நிறம் வர மஞ்சள் சேர்த்து உருட்டி, பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, மேலே பிளாஸ்டரும் சுற்றினேன். பாண் மா வெயிலில் பொங்கும் என்று தாதியர் பாடத்தில் எவரும் சொல்லித் தரவில்லை.

அடுத்த கிளினிக் நாளன்று மடவளைக்குப் போகும் வழியில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லோரும் அவரவர் பைகளோடு இறங்கி, சோதனை முடிந்து, பாலத்தை நடந்து கடந்து மறுகரையில் ஏற வேண்டும். ஐந்து கிலோவைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் யார் நடப்பது? பார்சலை சீட்டுக்கு அடியில் விட்டுவிட்டு, கைப்பையை வீசிக்கொண்டு இறங்கினேன். உடற்பயிற்சியின் நன்மைகள் பற்றிப் பேச அந்தப் பைக்குள்தான் குறிப்பு வைத்திருந்தேன்.

பஸ்ஸுக்குள் ஏறிய ஆமிக்காரன் ஏறிய வேகத்திலேயே குதித்து இறங்கினான். என் பார்சல் ஒன்றரை மடங்காக வீங்கி, பிளாஸ்டர் ஒவ்வொன்றாகத் தெறித்துக்கொண்டிருந்தது.

"மேக்க காகெத?" இது யாருடையது என்று கத்தினான்.

ஒருவரும் பேசவில்லை. நானும்தான். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அந்த நாட்களில் எங்களை இதைவிடச் சின்னக் காரணங்களுக்கெல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். சனத்தைப் பின்னால் தள்ளினார்கள், இரு பக்கமும் வாகனங்களை மறித்தார்கள், ஒருவன் குண்டு நிபுணர்களைக் கூப்பிட ஓடினான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் மகாவலி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மிஸ், அது நீங்க கொணந்த பார்சல் தானே?"

பின்னால் ஹம்சியா, கையில் ரிஸ்னாவைப் பிடித்தபடி. கண்டிக்குப் போய்விட்டு அதே பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாளாம். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. தலையாட்டினேன்.

உள்ளே என்ன என்று ஆமிக்காரன் கேட்டான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், "கொழுப்பு" என்றேன்.

"யாருடைய கொழுப்பு?"

"ஒரு சின்னப் பிள்ளையின்ர."

துப்பாக்கி நிமிர்ந்தது.

"கூடின நிறையைக் காட்ட மாவில செய்தது" என்று ஹம்சியாவிடம் தமிழில் முணுமுணுத்தேன். அவள் இடையில் புகுந்தாள். அவளுடைய சிங்களம் ஆறாக ஓடியது. இவ எங்கட கிளினிக் நோனா, பிள்ளைகளை நிறுக்கிறவ, என்ட மகளுக்கு உடம்பு கூடிப்போச்சென்று சொன்னவ, எவ்வளவு கூட என்று காட்டத்தான் மாவில் செய்திருக்கிறா என்று எனக்கு விளங்கியது. பிறகு மகளை முன்னால் நிறுத்தி, "இந்தப் புள்ளதான்" என்றாள். மண்டபத்தில் ஒரு தரம் கேட்கவே பொறுக்காதவள், என்னைக் காப்பாற்ற அதைப் பாலம் முழுக்கக் கேட்கத் தன் வாயாலேயே சொன்னாள். எனக்கு அழுகை வந்தது.

ஆமிக்காரன் பிள்ளையைப் பார்த்தான், பார்சலைப் பார்த்தான். ஒரு தடியால் மெல்லக் குத்தினான். புஸ்ஸென்று காற்றுப் போய், புளித்த மா வாசம் வந்தது. "இந்தப் பிள்ளையிடம் இவ்வளவு இல்லையே நோனா" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தி, அட்டை இலக்கத்தை எழுதிக்கொண்டு, ஐந்து நிமிடம் ஏசிவிட்டு, தூக்கிக்கொண்டு நடக்கச் சொன்னான்.

இருபது அடியில் எனக்கு மூச்சு வாங்கியது.

"தாங்க மிஸ். எனக்குத் தூக்கிப் பழக்கம் ஈக்கி" என்று ஹம்சியா அதை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நான் அண்டைக்கு அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது" என்றேன்.

"வெரசா நடங்க மிஸ், பஸ் போய்டும்."

அன்று பிரசங்கம் நடக்கவில்லை. தாய்மார் மாவைப் பார்த்ததும் அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டார்கள். நானும் இரண்டு சாப்பிட்டேன். அதற்குப் பிறகு திரை கட்டி அதன் பின்னால் பிள்ளைகளின் நிறை பார்த்தேன், கணக்கைத் தாயின் காதில் மட்டும் சொன்னேன். ஹம்சியா ஒரு மாதமும் தவறாமல் வந்தாள். ரிஸ்னாவின் தேநீரில் சீனி பாதியானது.

பல வருடங்களுக்குப் பிறகு ரிஸ்னாவின் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு போயிருந்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்கு ஹம்சியா கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஆமிக்காரன் கேட்ட ஒடன, மிஸ் கைய ஒசத்தி 'அது என்டது'ண்டு சொன்னாவே! என்னா தைரியம்!"

என் பக்கம் அவள் திரும்பவேயில்லை. என் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். இன்றைக்கும் நான் கரப்பான் பூச்சிக்குக் கதிரையில் ஏறினால், "ஆமிக்கே பயப்பிடாத அம்மா" என்று சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன். நான் வாய் திறக்காமல் நின்றது ஹம்சியாவுக்குத் தெரியும். அவள் அதை ஒருவருக்கும் சொன்னதில்லை.