டுரியான் தோல் கரியும் ஜப்பான் அதிகாரியின் வயிறும்

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும், சிலருக்கு வாய் அடைத்துப்போகும். எனக்கு வாய் திறந்துகொள்ளும். பிள்ளைகளே, அந்த வாயால் உங்கள் அப்பா நான் உயிரையே விடப் பார்த்தேன்.

ஜப்பான்காரன் காலம். மலாயாவில், லிங்கி பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடுவது என் வேலை. ரப்பர் கொட்டகைச் சாக்கடை கிணற்றில் கசிந்து, தண்ணீர் கெட்டுப்போன பாலாக நாறியது. நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தோம். தோட்டம் பார்க்க வந்த ஜப்பான் அதிகாரியோ ஒரு வாய் குடித்துத் துப்பினார். அடுத்த வாரமும் நாறினால், தோட்டக் கணக்கு எழுதும் கிராணியைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு ஏற்றிவிடுவதாகச் சொல்லிப் போனார். (எங்கள் தோட்டத்திலிருந்து அங்கே போன ஒருவரும் அதுவரை திரும்பவில்லை.)

கிராணி எங்களைக் கூட்டிவைத்து, "நான் மட்டும் தனியாப் போவேன்னு நெனைக்காதீங்க," என்றார். என் வாய் திறந்துகொண்டது.

"கரியில வடிகட்டுனா நாத்தம் போயிடுங்க ஐயா. பள்ளிக்கூடத்து வாத்தியார் சொல்லியிருக்காரு."

"அப்ப நீயே செய். நாத்தம் போகலன்னா நீயும் என்கூட லோரியில ஏறு."

வாத்தியார் சொன்னது தேங்காய்ச் சிரட்டைக் கரி. சிரட்டை அகப்படவில்லை. டுரியான் காலமானதால் தோல்தான் குவிந்து கிடந்தது. அதை மண்ணெண்ணெய் டின்னில் அடைத்து, மூடியில் ஓட்டை போட்டு, அடுப்பில் ஏற்றினேன். டின் செக்கச்செவேலென்று காய்ந்தால்தான் உள்ளே இருப்பது நல்ல கரியாகும். ஆனால் புகை போடுகிறவனுக்கு நெருப்பு எழும்பினாலே குலை நடுங்கும். ஷீட்டு எரிந்தால் முதுகுத் தோலை உரித்துவிடுவார்களே! கை பழகியபடி ஈர விறகு வைத்துப் புகையவிட்டேன். தோல் கறுத்தது. கரி ஆகிவிட்டது என்று நம்பினேன்.

உங்கள் அம்மா மோந்து பார்த்தாள். "என்னங்க, இது கரி வாசம் இல்ல. பழ வாசம்லா."

"வாத்தியாரைவிட ஒன் மூக்குக்குத் தெரியுமா?"

"குடிக்கப்போறது வாத்தியார் இல்லியே."

அதிகாரி வந்தார். கரியும் மணலும் போட்டு வடித்த தண்ணீரை நானே ஏந்திப் போனேன். பால் நாற்றம் கொஞ்சம் அடங்கியிருந்தது. அதற்கு மேல் அழுகிய டுரியானும் அணைந்த அடுப்பும் சேர்ந்து நாறின. நிறம், பால் ஊற்றாத தேத்தண்ணி. அதிகாரி மோந்தார். ஒரு கை வாளுக்குப் போனது. மறு கை குவளையை என்னிடம் தள்ளியது.

"குடிடா. சிரிச்ச மொகமா குடி," என்று கிராணி முணுமுணுத்தார்.

குடித்தேன். பல்லெல்லாம் கரி. என் கறுப்புச் சிரிப்பைக் கண்டு அதிகாரி ஓரடி நெருங்கினார். கிராணிக்கு என்ன தோன்றியதோ, தன் வயிற்றைத் தடவிக் காட்டி, "உபாட் பெரூட், துவான்," என்று மலாயில் உளறினார். வயிற்று மருந்தாம்!

அதிகாரியின் முகம் மாறியது. (வரும் வழியில் அவர் காரை நிறுத்தி நிறுத்திப் புதருக்குள் ஓடினார் என்று டிரைவர் பிறகு சொன்னான்.) கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தைக் குடித்தார். அவர் ஏப்பம் விட்டார். காரில் ஏறிப் போய்விட்டார்.

சில நாளில் டிரைவர் இன்னும் மருந்து கேட்டுக் காலிப் போத்தல்களோடு வந்தான்; அதிகாரிக்கு வயிற்றோட்டம் நின்றுவிட்டதாம். மருந்துக்காரனைச் சயாமுக்கு ஏற்றக்கூடாது என்று உத்தரவு. கிராணியும் என் உதவியாளர் என்று சொல்லித் தப்பினார்.

போன வருடம் உங்கள் அக்காவைப் பெண் பார்க்கச் சிரம்பானிலிருந்து வந்தவர்கள் குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். நான் எடுத்துவர எழுந்தேன்.

"நீங்க ஒக்காருங்க," என்றாள் உங்கள் அம்மா. "அவங்க வயிறெல்லாம் நல்லாத்தான் இருக்கு."