உண்ணாமலை எழுதிய புராணம்

அந்தப் புத்தகத்தை ஒழித்தே தீருவது என்று ராஜமாணிக்கம் முடிவெடுத்துவிட்டார். பதினெட்டு வருஷம் மஸ்கட்டில் கிரேன் ஓட்டியவர். ஊர் திரும்பி ஆறு மாசம்தான் ஆகிறது. செங்கம் ரோட்டில் வீடு. மாடியில் வாடகைக்கு இருக்கும் காலேஜ் டீச்சர் தமிழ்செல்விதான் அவர் மனைவி உண்ணாமலைக்கு அந்த நாவலைக் கொடுத்தாள். கிரேக்கப் புராணத்தை ராணியின் வாயால் சொல்லும் கதை.

"ராஜா போருக்குப் போயி இருபது வருஷம் வரலைங்க. எல்லாரும் அவன் வீரத்தையே பாடினாங்க. அவ பட்டதை இப்பத்தான் எழுதறாங்க."

"கிரேக்கம் உனக்குக் கிறக்கமா ஏறிடுச்சு."

"கிறக்கம் இல்லைங்க. ஏக்கம்."

அன்றிலிருந்து ரசத்தில் உப்பு கம்மி, வீட்டில் கேள்வி ஜாஸ்தி.

அவள் மார்க்கெட் போன நேரம் பார்த்து, புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போய் அடி அண்ணாமலையில் இருக்கும் பழைய பேப்பர் கடையில் தள்ளினார். போரில் ஜெயித்த ராஜா மாதிரி திரும்பி வந்தார். உண்ணாமலை கூடத்தில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"புத்தகத்தைத் தேடலையா?" வாய் தவறிவிட்டது.

"எதுக்குங்க? போன வாரமே முடிச்சிட்டேன். அது டீச்சரோடது. அவங்களுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

"எனக்கென்ன தெரியும்?"

"சட்டைக்குள்ள சதுரமா தொப்பையோட போனீங்களாம். எதிர்வீட்டு எல்லம்மாள் சொன்னா."

"சரி, இது என்ன எழுதறே?"

"என் கதை."

நோட்டைப் பிடுங்கினார். முதல் பக்கத்திலேயே எழில் இருந்தாள். அவர்களின் ஒரே மகள். ஏழு வயதில் டெங்குவில் போனவள்.

'ஆஸ்பத்திரியில அப்பாகிட்ட பேசணும்னு சொன்னா. போன் போட்டேன். வேலையில இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்னாரு. அவரு கூப்பிட்டப்ப அவ இல்ல. லீவு கிடைக்கலைன்னு அவரும் வரல. மறுநாள் அவ ஸ்கூல் பையைத் துவைச்சுக் காயப் போட்டேன். திங்கக்கிழமைக்கு வேணுமேன்னு.'

அந்தப் பையைப் பற்றி அவள் சொன்னதே இல்லை. அவரும் அந்த நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ராஜமாணிக்கம் அப்படியே தரையில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. உண்ணாமலை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இந்தக் கதையில நான் எப்ப ஊருக்கு வர்றேன்?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

"கடைசி அத்தியாயத்துலங்க."

"வந்து?"

"டீ கேக்கறீங்க."