மாப்பிள்ளை ஓட மறுத்த மத்தியானம்

ஒவ்வொரு குடும்பத்திலும் 'அவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும்' என்று பெயர் வாங்கிய ஒருத்தன் இருப்பான். அவனுக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவனும் வாயைத் திறக்க மாட்டான். தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் வீட்டில் அந்தப் பதவியில் நான் இருந்தேன். தகுதி, ராஜபாளையத்தில் ஒரு மாடியில், செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போய்ப் படித்த மூன்று மாதக் கோர்ஸ். (முதல் மாதம் முழுக்கக் கரும்பலகையில்தான் கம்ப்யூட்டரைப் பார்த்தோம்.)

ஆனாலும் வீட்டுக்குள் என் நடையே வேறு. பஞ்சு மார்க்கெட்டில் பருத்தி விதை வியாபாரம் செய்த அப்பா, ஊரில் யாருக்கும் அசராதவர், என்னிடம் மட்டும் கால்குலேட்டரை நீட்டி, "ஏலே, இது சரியாத்தான் கூட்டுதான்னு பாரு" என்பார். நான் அதைக் குப்புறப் போட்டு, நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "ஓடும்" என்பேன். அம்மா பூரித்துப் போவாள்.

அந்தச் சமயத்தில்தான் என் அக்கா சாந்திக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அமெரிக்காவில் இன்ஜினியர். அவர் அப்பா ஓய்வு பெற்ற வாத்தியார். ஜாதகம் பொருந்திவிட்டது. ஒரே சிக்கல், மாப்பிள்ளைக்கு லீவு கிடையாது. கல்யாணத்துக்குத்தான் வந்து இறங்குவார், அதுவரைக்கும் போட்டோதான்.

அக்கா ஒரே பிடியாக மாட்டேன் என்றுவிட்டாள். ஒரு நூல் மில்லில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவள், எதையும் சரிபார்க்காமல் ஒத்துக்கொள்ள மாட்டாள். தவிர, முன்பு வந்த ஒரு வரனின் போட்டோவில் தலைமுடி அடர்த்தியாக இருந்தது. ஆள் நேரில் வந்தார், முடி போட்டோவிலேயே தங்கிவிட்டது.

"போன்லயாவது பேசிப் பாக்குதேன்" என்றாள். அதற்கு எங்கள் தாய்மாமா விடவில்லை. ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். வீட்டுக்குள் பேசுவதே பரேடு மைதானத்தில் கத்துவது மாதிரி இருக்கும். "நிச்சயத்துக்கு முன்னால பொம்பளப்புள்ள போன்ல பேசுததா? பொறவு ஊருக்குள்ள நான் தலை காட்டவா வேண்டாமா?" என்றார். தாய்மாமன் சொன்னால் சொன்னதுதான்.

இரண்டு வாரம் இழுபறியாகக் கிடந்தது. அப்புறம் மாப்பிள்ளையே ஒரு வழி சொன்னார். தன்னை வீடியோ எடுத்து இன்டர்நெட்டில் போட்டிருக்கிறாராம். நடந்து காட்டுகிறார், பேசிக் காட்டுகிறார், பெரியவர்களோடு உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம். மாமா யோசித்தார். மாப்பிள்ளை பேசுவார், பொண்ணு பதில் பேச முடியாது. ஏற்பாடு அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "ப்பூ, இவ்வளவுதானா? ஒரு க்ளிக்கு" என்றேன். அதுவரை நான் இன்டர்நெட்டில் ஒரு வீடியோகூடப் பார்த்ததில்லை.

பார்க்கப் போவதற்கு முதல் நாள் சாயங்காலம் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "ஏலே, எனக்கு அழகு கிழகு வேண்டாம். ஆயுசு பூரா கேக்கப்போற குரல ஒரு தடவ கேட்டுட்டா மனசுக்குத் தெம்பா இருக்கும். கெடுத்துராதடா" என்றாள். எனக்குப் பாவமாக இருந்தது. அதனால் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே பீற்றிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், கீழே எஸ்.டி.டி. பூத், மாடியில் பிரவுசிங் சென்டர். இரண்டுக்கும் ஒரே முதலாளி அண்ணாச்சி. பட்டுச்சேலையில் அக்கா, தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு அம்மா, பால்கோவாவோடு மாப்பிள்ளையின் அம்மா, சலவை வேட்டியில் வாத்தியார், அப்பா, மாமா என்று படை மாடியேறியது. வழக்கமாக அங்கே பையன்கள் திரைச்சீலைக்குப் பின்னால் பதுங்கி உட்கார்ந்திருப்பார்கள். தாம்பூலத்தட்டைப் பார்த்ததும் அத்தனை பேரும் ஒரே ஓட்டமாக இறங்கிப் போய்விட்டார்கள்.

"தம்பி, மிஷினுக்குப் பூஜை கீஜை போடப் போறீயளா?" என்றார் அண்ணாச்சி.

"மாப்பிள்ள பாக்க வந்திருக்கோம்" என்றார் அப்பா. அண்ணாச்சி பயபக்தியோடு விசிறியைக் கூட்டி வைத்தார்.

அம்மா தட்டைக் கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் வைத்தாள். மாமா கடிகாரத்தைப் பார்த்து, "நாலரைக்கு ராகு காலம். மாப்பிள்ள அதுக்குள்ள பேசி முடிச்சிரணும்" என்று எனக்கு உத்தரவு போட்டார்.

மோடம் கொர்ர்ர், கீய்ங் என்று கத்தியது. மாப்பிள்ளையின் அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். பக்கம் மேலிருந்து கீழே அங்குலம் அங்குலமாக இறங்கியது. நடுவில் மாப்பிள்ளை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கட்டமும் அதற்குள் ஒரு பெருக்கல் குறியும் இருந்தன.

"இது யாரு?" என்றார் அப்பா.

வீடியோவை ஓட்டுகிற பிளேயர் அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை. அதை முதலில் இறக்க வேண்டும். இறக்க ஆரம்பித்தேன். முக்கால்வாசி வந்திருக்கும். "மாப்பிள்ள வந்துட்டாருன்னு ஊர்ல சொல்லிருவோம்" என்று மாமா மேசை மேலிருந்த போனை எடுத்தார். அதே லைனில்தான் இன்டர்நெட் ஓடிக்கொண்டிருந்தது. கட். மறுபடி கொர்ர்ர், கீய்ங். மாப்பிள்ளையின் அம்மா மறுபடி கும்பிட்டாள்.

ஒருவழியாகப் பிளேயர் வந்தது. மாப்பிள்ளை வரவில்லை. இன்னொரு பிரவுசரைத் திறந்தேன். அதிலும் பெருக்கல் குறிதான். ரெப்ரெஷ் அழுத்தினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கி அந்த ஓட்டையில் சொருகினேன், இந்த ஓட்டையில் சொருகினேன். எனக்குத் தெரிந்த கை வைத்தியம் அத்தனையும் அதோடு தீர்ந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அக்கா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று மாப்பிள்ளை வந்தார்! நீலச்சட்டை, மீசை, நல்ல நிறம். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நின்ற நேரத்தில் ஒரு கண் மூடியிருந்தது, வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

"எல, என்ன இது? பெரியவிய முன்னால கண்ணடிக்கான்!" என்றார் அப்பா.

"எம் மவன் அப்படிப்பட்டவன் இல்ல!" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

நான் அவசரமாக நாலைந்து தடவை க்ளிக் செய்தேன். ஸ்பீக்கர் உயிர் பெற்றது.

"வ... வ... வண... வண... வ..."

எல்லாரும் திரைப் பக்கம் குனிந்தார்கள்.

"வண... வ... வ..."

"திக்குவாயா?" என்றார் மாமா. மெதுவாகத்தான் கேட்டார், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

வாத்தியார் முகம் சிவந்துவிட்டது. "எம் பையன் ஸ்கூல்ல பேச்சுப் போட்டில பிரைஸ் வாங்குனவன்" என்றார்.

மாமா என் தோளைப் பிடித்தார். "மருமவனே, நீ படிச்சவன். உள்ளதச் சொல்லு. கோளாறு மிஷின்லயா, மாப்பிள்ளகிட்டயா?"

ஐயா, அந்த நேரத்தில் எனக்கு நிஜமாகவே தெரியாது! மவுஸை ஆட்டிப் பார்த்தேன், அம்பு ஆடியது. திரை ஓரத்தில் கடிகாரம் ஓடியது. இதைவிட என்ன சோதனை வேண்டும்?

"மிஷின்ல ஒரு கோளாறும் இல்ல மாமா" என்றேன், டாக்டர் மாதிரி.

அவ்வளவுதான். வாத்தியார் துண்டை உதறித் தோளில் போட்டார். மாப்பிள்ளையின் அம்மா, "நல்லாப் பேசுத புள்ளையாத்தான மதினி அனுப்பினேன், அங்க குளிர்ல என்ன ஆச்சோ" என்று அழ ஆரம்பித்தாள். அம்மாவும் சேர்ந்து அழுதாள். மாமா, "இத மறைச்சிப் பொண்ணு கேட்டு வரலாமா?" என்று குரலை உயர்த்தினார். நல்ல சம்பந்தம் என் கண் முன்னால் மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போது அக்கா எழுந்தாள். "அத்த, அவிய போன் நம்பரச் சொல்லுங்க" என்றாள்.

வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று கீழே போய்விட்டாள். நாங்கள் எல்லாரும் பின்னாலேயே ஓடினோம். பூத்துக்குள் நுழைந்து கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமா கதவில் தட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் சொல்லை ஒருத்தர் காதில் வாங்கவில்லை.

அமெரிக்காவில் விடிந்தும் விடியாத நேரம். அக்கா பேசினாள், கேட்டாள், கொஞ்ச நேரத்தில் சிரித்தாள். அப்புறம் கண்ணீர் வரச் சிரித்தாள். கதவைத் திறந்து வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்க்கவே நன்றாக இருந்தது.

"நல்லாத்தான் பேசுதாவ. எனக்குச் சம்மதம்" என்றாள்.

"அப்பம் அந்த வ... வ...?" என்றார் மாமா.

"வீடியோ கொஞ்சம் கொஞ்சமாத்தான் இறங்குமாம் மாமா. முழுசா இறங்குததுக்குள்ள ஓட்டினா அப்படித்தான் விக்கி விக்கி வருமாம். சும்மா செத்த நேரம் விட்டிருந்தாலே போதுமாம். 'யாரு அத நோண்டிக்கிட்டே இருந்தது'ன்னு கேட்டாவ."

எல்லாரும் திரும்பினார்கள். நான் அண்ணாச்சிக் கடைக் காலண்டரை ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து மேலே ஆளில்லாத அறையிலிருந்து ஒரு கணீர்க்குரல் மாடிப்படி வழியாக இறங்கி வந்தது. "வணக்கம். எனக்குச் சமைக்கத் தெரியும். ரசம் மட்டும் சரியா வராது..." யாரும் தொடாததால் மாப்பிள்ளை தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பால்கோவாவை எடுத்து முதலில் அக்கா வாயில் ஊட்டினாள். எனக்குக் கடைசிவரை தரவில்லை.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. என் பதவி அன்றோடு பறிபோனது. இப்போது அமெரிக்காவிலிருந்து அக்காவும் அத்தானும் ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோ காலில் வருவார்கள். சில நாள் படம் அப்படியே நின்றுவிடும். உடனே என் மனைவி, பிள்ளைகள், அங்கே உறைந்து நிற்கிற அத்தான் உட்பட அத்தனை பேரும் என்னைப் பார்ப்பார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவேன். தெருமுனையைத் தாண்டுவதற்குள் வீட்டுக்குள்ளிருந்து அத்தானின் சிரிப்பு கேட்கும்.