குக்கருக்குள் போன போன்

"வர்ற சனி, ஞாயிறு நாம கேம்பிங் போறோம். கூடாரம் போட்டு, மரத்தடியில சமைச்சு, இயற்கையோட இருக்கப் போறோம். முக்கியமா, யாரும் போன் எடுத்துட்டு வரக்கூடாது!"

நடு ஹாலில் நின்று நான் இப்படி அறிவித்ததும் பையன் குரு வாயைப் பிளந்தான். மகள் தேவிப்பிரியா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சும்மாவா? ஒரு கையில் சோறு, மறு கையில் போன் என்று வாழ்கிற தகப்பன் அல்லவா நான்!

உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். இயற்கையாவது மண்ணாவது! அந்தச் சனி, ஞாயிறில்தான் பென்னாகரம் பக்கம் என் மச்சினன் மாதேஸ்வரனுக்கு நிலக்கடலை, அதாவது எங்கள் பக்கத்துக் கல்லக்கா, பிடுங்குகிற வேலை. ஆள் கிடைக்கவில்லை என்று வருஷா வருஷம் போன் போட்டு எங்களைக் கூப்பிட்டுவிடுவான். என் மனைவி கோகிலவாணிக்குத் தம்பி சொன்னால் போதும், அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். நானோ தருமபுரியில் ஒரு தனியார் கல்லூரி ஆபீஸ் நாற்காலியோடு ஒட்டிப்போனவன். குனிந்தால் நிமிர்த்த இன்னொரு ஆள் வேண்டும்.

இதுவரை என் இடுப்பைக் காப்பாற்றியவன் ஆபீஸ் சிநேகிதன் ராஜப்பன். நான் நாலு செடி பிடுங்கியதும் சொல்லிவைத்தபடி போன் அடிப்பான். "என்னது, பைலைக் காணோமா? இதோ வந்துட்டேன்!" என்று கத்திக்கொண்டே பஸ் ஏறிவிடுவேன். இந்த வருஷம் அந்தப் பாவி, அதே நாளில் கல்யாணத்துக்குத் திருச்சி போகிறானாம். அதனால்தான் புதுத் திட்டம். நம்மிடம் போனே இல்லையென்றால் மச்சினன் எப்படிக் கூப்பிடுவான்?

கோகிலவாணி சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை.

"நல்ல யோசனைதாங்க. எடம் நான் பாக்கட்டுமா?"

"பாரு, பாரு" என்று தாராளமாகச் சொல்லிவிட்டு, போனில் கூடாரம் தேட ஆரம்பித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவள் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். கிணறு, புளியமரம், கரட்டோரம் என்று காதில் விழுந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் நாலு பேர் போனையும் குக்கருக்குள் போட்டு, மூடி, பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

"ஏங்க, அவசரம்னா என்ன பண்றது?"

"ஒலகமே அழிஞ்சாலும் ஞாயித்துக்கெழமை சாயங்காலந்தான் தொறப்பேன்!"

"அப்பறம் மாத்திப் பேச மாட்டீங்களே?"

"நான் சொன்னா சொன்னதுதான்!"

அவள் புளிச்சோற்றை டப்பாவில் அமுக்கியபடி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் விசாரித்திருக்க வேண்டும்.

பென்னாகரம் பஸ்ஸில் ஏறச் சொன்னபோது மட்டும் படியில் வைத்த காலைக் கீழே இறக்கிவிட்டேன்.

"இது உன் தம்பி ஊர்ப் பக்கமாச்சே?"

"இயற்கை அந்தப் பக்கந்தானுங்களே இருக்குது! தம்பி வூட்டுக்கெல்லாம் போவலீங்க."

போய்ச் சேரும்போது மசமசவென்று இருட்டிவிட்டது. சுற்றிலும் பச்சைப் பசேல். என்ன செடி என்று யார் பார்த்தது? கூடாரம் மூன்று தடவை என் தலையிலேயே விழுந்தது. பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். தேவி என் மடியில் படுத்துக்கொண்டு நட்சத்திரங்களுக்குப் பெயர் கேட்டாள். எனக்குத் தெரிந்தது ரெண்டு. மீதிக்கு ஆபீஸ் ஆட்களின் பெயரை வைத்தேன்.

"போன் இல்லாட்டி நீங்க ரொம்ப நல்லாருக்கீங்கப்பா" என்றாள்.

அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். பொய்யாக ஆரம்பித்தாலும் நல்ல காரியம்தான் செய்திருக்கிறோம் என்று சந்தோஷமாகத் தூங்கினேன்.

காலையில் கூடாரத்தின் ஜிப்பைத் திறந்தேன். எதிரே மாதேஸ்வரன், டீ டம்ளரோடு.

"வாங்க மாமா! டீயைக் குடிங்க. மண்ணு ஈரமா இருக்கறப்பவே புடுங்கிடலாம்."

"மாதேசு! நீ எங்கப்பா இங்க?"

"இந்த வருசம் குத்தகைக்கு எடுத்த நெலம் மாமா. அக்கா சொல்லலீங்களா?"

அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏற்கெனவே நிலத்தில் நின்றிருந்தாள்.

"கோகிலா, ஏமாத்திட்டியே!"

"யாருங்க ஏமாத்துனது? கூடாரம் தேடுனப்பவே பக்கத்துல ஒக்காந்து சொன்னனே! மாதேசு நெலம், கல்லக்கா புடுங்கறாங்க, அங்கயே தங்கினா தம்பிக்கும் ஒத்தாசையா இருக்கும், சரிங்களான்னு கேட்டேன். போனைப் பாத்துக்கிட்டே 'ம்'னீங்க."

"நானா?"

"ஆமாப்பா, நானும் கேட்டேன்" என்றான் குரு.

"இல்ல, எனக்கு ஆபீஸ்ல ஒரு அவசர..." என் கை தன்னாலே சட்டைப் பைக்குப் போனது. பை காலி.

"குக்கர்ல இருக்குங்க" என்றாள் கோகிலவாணி அன்பாக.

பிடுங்கினேன். பிள்ளைகள் எனக்கு முன்னால் ஓடி ஓடிப் பிடுங்கினார்கள். மத்தியானம் பச்சைக் கடலையை உப்புப் போட்டு அவித்துக் கொட்டினான் மச்சினன். அப்படி ஒரு ருசியை நான் கண்டதில்லை. புளியமரத்தடியில் என் இடுப்பில் தைலம் தேய்த்தபடி கோகிலவாணி கேட்டாள்:

"நாலு செடிக்கு மேல நீங்க புடுங்கி இன்னிக்குத்தாங்க பாக்கறேன். ராஜப்பண்ணன் திருச்சியில இருந்து வந்துட்டாருங்களா?"

நான் முகத்தைப் பாயில் புதைத்துக்கொண்டேன். ஆனாலும் அந்தக் கை இன்னும் கொஞ்சநேரம் தேய்த்தால் தேவலை என்றிருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குக்கரைத் திறந்தேன். நான் இல்லாமல் ஆபீஸ் தவித்துப் போயிருக்குமே! பார்த்தால் ஒரு அழைப்புகூட இல்லை. நம்ப முடியாமல் திரையைத் தள்ளித் தள்ளித் தேடினேன். சமையலறையிலிருந்து கோகிலவாணி என்னவோ கேட்டாள்.

"ம்" என்றேன்.

"தேவி, ஓடி வா!" என்று கத்தினான் குரு. "அப்பா ராகி அறுப்புக்கும் வர்றேன்னுட்டாரு!"