தாடிக் கணக்கு

திருப்பதி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ரெஸ்யூம் அடித்துக் கொடுக்கிற கடைகள் எத்தனையோ. வருகிறவனைக் குற்றவாளி போல விசாரிக்கிற கடை ஏனக்கா கடை ஒன்றுதான். எந்த வரியைச் சொன்னாலும் “ஏன்?” என்பாள். அதுவே பேராகிவிட்டது.

ஒருத்தன் “லீடர்ஷிப் இருக்குன்னு போடுக்கா” என்றான்.

“ஏன்? யாரை நடத்தின?”

“வீட்ட நடத்தறேனே.”

“சரே, உன் பொண்டாட்டிய இட்டுக்கினு வா.”

வந்தவள் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். “அத எடுத்துடுக்கா.”

எடுத்துவிட்டாள்.

அப்பேர்ப்பட்டவளிடம்தான் நான் போய் உட்கார்ந்தேன். நான் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்த கம்பெனியை மூடி இரண்டு மாதம். தடா ஊர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் அதே வேலை காலி. ஐந்து மணிக்குள் மெயில் போகவேண்டும். ஆராய்ந்து முடிவெடுக்கும் திறமையை ரெஸ்யூமில் காட்டச் சொல்லியிருந்தார்கள். நான் படித்தது பத்தாவது. மணி நாலு.

“அனலிட்டிகல்னு ஒரு வரி போட்டுடுக்கா.”

“ஏன்? நீ இன்னா முடிவு எடுத்த?”

“நான் எங்க எடுத்தேன்? எல்லாம் பெருமாள் பாத்துக்கினாரு.”

“அப்ப வேலையும் அவருக்கே குடுக்கட்டும். புரட்டாசில ஆளே வரமாட்டானே, ஷிப்டு எப்படிண்ணா ஓட்டின?”

சொன்னேன். புரட்டாசி சனிக்கிழமைகளில் பாதிப் பேர் சொல்லாமல் மலையேறிவிடுவார்கள். மொட்டைக்கு வேண்டிக்கொண்டவன் சவரம் செய்யமாட்டான். அதனால் ஆடியிலேயே தாடிகளை எண்ணிவிடுவேன். பாஷா அண்ணன் தாடி மட்டும் கணக்கில் சேராது. கிறிஸ்தவ, முஸ்லிம் ஆட்களைக் கேட்டு அந்தச் சனிக்கிழமை ஷிப்டுகளை அவர்கள் பேருக்கு மாற்றி எழுதுவேன். கிறிஸ்துமஸுக்கும் ரம்ஜானுக்கும் எங்கள் ஆட்கள் அவர்களுக்காக நிற்பார்கள். மூன்று வருஷம் மிஷின் நிற்கவில்லை.

“பாத்த, எண்ணின, மாத்தின. அவங்க கேக்கறது இதாண்ணா” என்று அடிக்க ஆரம்பித்தாள்.

“தாடின்னு போடாதக்கா, சிரிப்பாங்க.”

“ஏன்? நீ எண்ணினது மீசையா?”

மணி நாலு ஐம்பது. கெஞ்சினேன். கோவிந்தா கோவிந்தா என்று முணுமுணுத்தேன். மெயில் தாடியோடுதான் போயிற்று.

எட்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

“போன புரட்டாசில நம்ம லைன் நின்னுபோச்சு. இந்த வருஷம் நம்மகிட்ட எத்தனை தாடி தேறும்?”

“உள்ள விட்டீங்கன்னா எண்ணிச் சொல்றேன் சார்.”

திங்கட்கிழமையே உள்ளே விட்டார்கள்.

அதற்கு முந்தின நாள் நாராயணவனம் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நின்றேன். அர்ச்சகர் பேர் கேட்டார். ஏனக்கா பேரைச் சொல்ல வாயெடுத்தேன். அவளுடைய நிஜப் பேர் எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

“எங்க அக்காவுக்கு, சாமி.”

“கூடப் பொறந்தவங்களா?”

“ஆமா சாமி” என்றேன்.