எங்கள் ஊரில் எரிமலை இல்லை என்பது பற்றி மச்சானுக்கு

சூலூர்,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்புக்குரிய மச்சான் கந்தப்பன் அவர்களுக்கு, உங்கள் தங்கை மாரியாத்தாளின் வீட்டுக்காரன் பாலுசாமி பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாடும் கன்றும் நலம். அங்கே கோபியில் நீங்களும், தெய்வாத்தாள் அக்காவும், மகன் மருமகளும், பேத்தி ரித்திகாவும், உங்கள் வயலும், போர் போடாமலே வயலுக்கு வந்து சேர்கிற வாய்க்கால் தண்ணீரும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். மாரியாத்தாளும் நலமாகத்தான் இருப்பாள். அந்த நலத்தைக் கொஞ்சம் குறைத்து அவளை இங்கே அனுப்பி வைக்கும்படி கேட்பதற்காகவே இந்தக் கடிதம்.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்ததும் நீங்கள் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறீர்கள். அக்கா, மருமகள், பால் வாங்க வந்தவர்கள் எல்லோரும் கூடிவிடுகிறார்கள். நான் ‘பூமித்தட்டு’ என்று ஆரம்பித்ததும் பின்னால் யாரோ சிரிக்கிறார்கள், லைன் கட்டாகிறது. சிக்னல் கோளாறு என்கிறீர்கள். பூமித்தட்டு என்ற வார்த்தைக்கு மட்டும் கோபியில் சிக்னல் கிடைக்காது என்பதை நம்பும் அளவுக்கு என் மூளை இன்னும் இளகிப்போகவில்லை. கடிதத்தை நடுவில் கட் செய்ய முடியாது என்பதால் முதலில் இருந்து சொல்கிறேன்.

போன மாதம் ஒரு காலை வேளையில் நான் டீ குடித்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது அலமாரியில் இருந்த பாத்திரங்கள் கடகடவென்று ஆடின, கட்டில் அரை சாண் நகர்ந்தது, சுவரில் மாட்டியிருந்த கம்பெனி காலண்டர் ஊஞ்சல் ஆடியது. நிலநடுக்கம் என்று புரிந்த நேரத்தில் நான் கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்றுகொண்டிருந்தேன். எப்படி வந்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. வெளியே நிலவரம் எப்படி இருக்கிறது, ஆட்கள் வரலாமா கூடாதா என்று யாராவது முன்னால் போய்ப் பார்க்க வேண்டும் அல்லவா, அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். உங்கள் தங்கை உள்ளே கேஸ் அடுப்பை அணைத்து, சிலிண்டரை மூடி, கொட்டகைக்குப் போய் மாட்டையும் கன்றையும் அவிழ்த்துவிட்டு, மாடி வீட்டுக்காரர்களைச் சத்தம் போட்டுக் கீழே இறக்கி, கடைசியாக வெளியே வந்தாள். கையில் என் சட்டை. “ஏனுங்க, இதப் போடுங்க, ரோட்டுல ஆளு நிக்குது” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி இன்று வரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆகவே அதில் அவளுக்கு வருத்தம் எதுவும் இல்லை என்பது தெளிவு. அவளுடைய பயமெல்லாம் எரிமலையைப் பற்றியது மட்டுமே.

எரிமலை எங்கிருந்து வந்தது என்றால், ஜப்பானில் இருந்து வந்தது. எங்கள் மகள் அக்ஷயாவின் பேறுகாலத்துக்காக இரண்டு பேரும் அங்கே போய் இருந்தோமே, அப்போது வந்த வினை. அவள் இருக்கிற ஊரில் வாரத்துக்கு ஒருதரம் வீடு ஆடும். ஜன்னலைத் திறந்தால் எதிரே மலை புகைந்துகொண்டிருக்கும். குழந்தையின் துணியை வெளியே காயப் போட்டால் சாம்பல் படியும் என்று வீட்டுக்குள்ளேயே கொடி கட்டியிருந்தாள். மாரியாத்தாள் இரண்டையும் ஒன்றாகப் பார்த்துப் பழகிவிட்டாள். ஆட்டம் வந்தால் பின்னாலேயே புகை வரும் என்று மனதில் எழுதி வைத்துக்கொண்டாள். எங்கள் வீடு ஆடிய அன்று சாயங்காலமே, “அக்ஷயா ஊர்லயும் மொதல்ல இப்புடித்தான் ஆடுச்சுங்க, பொறகுதான் பொகைஞ்சுது” என்றாள். நான் சிரித்தேன். சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம். “எரிமலை வந்தா நல்லதுதான் அம்மணி, சுடுதண்ணிக்கு ஹீட்டர் வேண்டியதில்ல” என்று சொல்லித் தொலைத்தேன்.

மறுநாள் மத்தியானம் புகைந்தது. மச்சான், நீங்கள் வாய்க்கால் பாசனக்காரர். எங்கள் பக்கத்து நிலைமை உங்களுக்குத் தெரியாது. கொட்டகைக்குப் பின்னால் ஆயிரத்து நூறு அடிக்குப் போட்ட போர் ஒன்று தண்ணீர் வராமல் பாழாகக் கிடக்கிறதே, இரும்பு மூடி போட்டு மேலே கல்லை வைத்திருந்தோம். அந்தக் கல் உருண்டது, மூடி பறந்து போய்க் கொட்டகைக் கூரைமேல் விழுந்தது, உள்ளே இருந்து வெள்ளை வெளேரென்று புகை தென்னை மரத்து உயரத்துக்குப் பீறிட்டது. பூமிக்குள் உறுமல். அப்புறம் சாம்பல் நிறத்தில் வெதுவெதுப்பான சேறு குபுகுபுவென்று பொங்கி வழிந்தது. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. அந்தச் சமயத்தில் நான் எங்கே இருந்தேன் என்பது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்லாத விஷயம். ரோட்டில் போன எவனோ ஒருவன் வண்டியை நிறுத்தி வீடியோ எடுத்து, ‘சூலூரில் எரிமலை, அதிகம் பகிரவும்’ என்று போட்டுவிட்டான். அரை மணி நேரத்தில் அக்ஷயா ஜப்பானில் இருந்து கூப்பிட்டு, “அப்பா, மாஸ்க் போட்டுக்கங்க, சாம்பல மூச்சுல இழுக்காதீங்க” என்கிறாள். சாயங்கால பஸ்ஸுக்கு உங்கள் தங்கை கிளம்பிவிட்டாள். நாலு சேலையும் மிக்சியும் எடுத்துக்கொண்டாள். மிக்சியோடு போகிறவள் சீக்கிரம் திரும்பமாட்டாள் என்பது பஸ் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த நாள் காலையில் வடக்குத் தோட்டத்து நரசிம்மலு வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். “ஏனுங்க, நேத்து எங்க ரிக் ஓடறப்ப உங்க பழைய போர்ல காத்து கீது வந்துச்சுங்களா?” என்றார். அவர் தோட்டத்தில் புதுப் போர் போட வந்த ரிக் வண்டியின் கம்ப்ரசர் காற்று பாறை வெடிப்பு வழியாகவே வந்து எங்கள் போரில் இருந்த தூளையும் சேற்றையும் வெளியே தள்ளியிருக்கிறது. ரிக் ஓடிய சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லையா என்றால், கேட்டது. காலையில் இருந்தே கேட்டது. ஆனால் எங்கள் பக்கத்தில் ரிக் சத்தத்தை யாரும் சத்தமாகக் கணக்கில் எடுப்பதில்லை. வருடத்தில் எந்த நாளும் எந்தத் திசையிலாவது ஒரு ரிக் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நின்றால்தான் என்ன ஆயிற்று என்று கேட்போம். அதனால் பூமி உறுமுகிறது என்று நினைத்தோமே தவிர, பக்கத்துத் தோட்டத்தில் போர் போடுகிறார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நரசிம்மலுவுக்கு இரண்டு இஞ்சு தண்ணீர் கிடைத்துவிட்டது. எனக்குக் கிடைத்தது சேறும், கோபிக்குப் போன வீட்டுக்காரியும்.

இதை அன்றைக்கே போன் போட்டு உங்களிடம் சொன்னேன். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். நீங்கள் என்ன செய்தீர்கள்? “எதுக்குங்க மச்சான் வம்பு, ஆத்தாகிட்ட ஒரு வார்த்த பூக்கேட்டுப் போட்டு அனுப்பறனுங்க” என்று உங்கள் ஊர் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டீர்கள். பூக்கேட்பதில் எனக்கும் நம்பிக்கை உண்டு. அக்ஷயாவின் கல்யாணத்துக்கே பூக்கேட்டுத்தான் பேசி முடித்தோம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, குழந்தை எடுத்துக் கொடுப்பது வெள்ளை என்றால் ஆமாம், சிவப்பு என்றால் இல்லை. முறையெல்லாம் சரிதான். கேட்ட கேள்விதான் தப்பு. “சூலூர் ஊட்டுக்கு அடியில நெருப்பு இருக்குதா தாயே” என்று கேட்டிருக்கிறீர்கள். ரித்திகா எடுத்தது வெள்ளை. பிறகு எப்படி மாரியாத்தாள் வருவாள்?

அம்மன் சொன்னது சரி மச்சான். அதைத்தான் விளக்க வருகிறேன். எங்கள் மாடியில் குடியிருக்கிற இளவேனில் கோயமுத்தூரில் ஒரு காலேஜில் நிலவியல் பாடம் எடுக்கிறவள். அவளிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். “ஏனுங்க சார், கீழ சூடு இருக்கறது வாஸ்தவந்தானுங்க. உங்க ஊட்டுக்கு அடியில மட்டும் இல்ல, எல்லார் ஊட்டுக்கு அடியிலயும் இருக்குதுங்க. ஆனா சூடான பாறை வேற, உருகுன பாறை வேறங்க” என்றாள். நாற்பது கிலோமீட்டர் கனத்துக்குக் கெட்டியான பழைய பாறைமேல் நாம் உட்கார்ந்திருக்கிறோம். அதற்குக் கீழே கொதிக்கக் கொதிக்கச் சூடு இருந்தாலும் மேலே இருக்கிற பாரம் அழுத்திக்கொண்டிருப்பதால் பாறை உருகாமல் பாறையாகவே இருக்கிறதாம். ஆகவே உங்கள் ஊர் வயலுக்கு அடியிலும் நெருப்பு இருக்கிறதா என்று கேட்டாலும் அம்மன் வெள்ளையைத்தான் கொடுப்பாள். கேட்டுப் பாருங்கள். அப்புறம் மாரியாத்தாளை எங்கே அனுப்புவீர்கள்?

நடுக்கம் வருவதற்குப் பாறை உருக வேண்டியதே இல்லை. இறுகிக்கொண்டே வந்து ஒருநாள் படக்கென்று வழுக்கினால் போதும். நம் நாட்டுத் தட்டு முழுக்க வடக்கே நகர்ந்து போய் ஆசியாவை முட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த முட்டலின் இறுக்கம் இங்கே சூலூர் வரைக்கும் பாறைக்குள் இருக்கிறதாம். அதில் ஏதாவது பழைய வெடிப்பு லேசாக வழுக்கினால் நம் வீட்டுப் பாத்திரம் ஆடும். எரிமலைக்கு அது போதாது, பாறை உருகிக் குழம்பாக வேண்டும். ஜப்பானில் கடலடித் தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் முங்கிப் போகிறது. போகும்போது சும்மா போகாமல் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு போகிறது. தண்ணீர் சேர்ந்தால் சூடான பாறை சீக்கிரம் இளகிவிடுமாம். அதனால்தான் அக்ஷயா ஊரில் ஆட்டமும் உண்டு, புகையும் உண்டு. தட்டுகள் விலகிப் போகிற இடத்திலும், அடியில் இருந்து அளவுக்கு மீறிய சூடு ஒரே இடத்தில் ஏறுகிற இடத்திலும்கூட எரிமலை வருமாம். இமயமலையில் முங்குகிறதற்கு இப்போது கடலடி இல்லை, இரண்டு பக்கமும் நிலம். பவானி ஜமக்காளத்தை இரண்டு பேர் இரண்டு முனையில் இருந்து தள்ளினால் நடுவில் மடிப்பு எழும்புமே, அதுதான் இமயமலை. அங்கே ஊரே இடிகிற நடுக்கம் வருகிறது, எரிமலை ஒன்றுகூடக் கிடையாது. எரிமலை வருவதற்கான இந்தக் காரணங்களில் எதுவுமே நம் பக்கத்தில் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் கோயமுத்தூரிலேயே நல்ல பெரிய நடுக்கம் வந்திருக்கிறது. அதற்குப் பின்னால் வந்தவை மில்லும் பம்ப் கம்பெனியும்தான், எரிமலை வரவில்லை. இளவேனில் சொல்லி முடித்ததும், “அப்ப எரிமலைக்கும் தண்ணி வேணுங்கறயா கண்ணு?” என்று கேட்டேன். “ஜப்பான் மாதிரி எடத்துல வேணுங்க சார்” என்றாள். ஆயிரத்து நூறு அடியில் சொட்டுத் தண்ணீர் இல்லாத எங்கள் பூமியில் எரிமலைக்கும் வறட்சி என்பதை நீங்கள் மாரியாத்தாளிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆகவே தயவுசெய்து மறுபடியும் ஒருதரம் பூக்கேளுங்கள். ஆனால் இந்தத் தடவை கேள்வியை நான் எழுதித் தருகிறபடி கேளுங்கள்: ‘தாயே, சூலூருக்கு அடியில் ஒரு தட்டு இன்னொரு தட்டின் கீழ் முங்கிப் பாறையை உருக்கிக்கொண்டிருக்கிறதா?’ சிவப்புத்தான் வரும். வந்ததும் மாரியாத்தாளையும் மிக்சியையும் பஸ் ஏற்றிவிடுங்கள்.

“அவருதான் ஒருநட வந்து கூப்புட்டா என்னவாம்” என்று அக்கா கேட்டதாக அக்ஷயா சொன்னாள். வரலாம். ஆனால் மாட்டை விட்டுவிட்டு வர முடியாது. அது மட்டும் இல்லை, பம்ப் கம்பெனியில் காலமெல்லாம் சூப்பர்வைசராக இருந்து, ஆயிரம் பேர் சொல்லியும் தப்பான மோட்டாரில் சரி என்று கையெழுத்துப் போடாத ஆள் நான். நான் பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் வாசலில் வந்து நின்றால் எரிமலை இருக்கிறது என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதற்கு என் மனசாட்சி இடம் கொடுக்காது.

ஒன்று மட்டும் சொல்கிறேன், ஸ்பீக்கரில் போடாதீர்கள். வீடு நன்றாக இல்லை மச்சான். சோறு எப்படியோ வெந்துவிடுகிறது, அதைச் சொல்லவில்லை. நான் எது சொன்னாலும் “அதெப்புடீங்க?” என்று மறுத்துக் கேட்க ஆள் இல்லை. இளவேனில் சொன்ன தட்டு விவரம் முழுவதையும் போன வாரம் மாட்டிடம்தான் சொன்னேன். அது எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுகிறது. மாரியாத்தாளாக இருந்தால் பாதியிலேயே என்னை மடக்கியிருப்பாள். அவள் இல்லாமல் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அக்காவுக்கு என் வணக்கம். ரித்திகாவுக்கு என் முத்தங்கள், அவள் எடுத்துக் கொடுத்த பூவின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. உங்கள் வாய்க்காலில் தண்ணீர் குறையாமல் ஓடவும், நெல் நன்றாக விளையவும், நம் இரு வீட்டு அஸ்திவாரங்களும் அசையாமல் நிற்கவும் அந்த அம்மனே துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மச்சான்
பாலுசாமி

பின்குறிப்பு: மேலே இருப்பதைப் படிக்க வேண்டாம். கடிதத்தை உறையில் போட்ட பிறகு, உங்களை எதற்குத் தொந்தரவு செய்வது, இங்கேயே பூக்கேட்டுப் பதிலையும் சேர்த்து அனுப்பிவிடலாம் என்று இளவேனிலின் மகளை அழைத்துக்கொண்டு எங்கள் ஊர்க் கோயிலுக்குப் போனேன். கண்ணை மூடித் தட்டைப் பற்றித்தான் கேட்க நினைத்தேன். மனதுக்குள் வந்தது வேறு. ‘அன்னைக்கு அவள உள்ள விட்டுப்போட்டு ஓடுனதுக்குத்தான் போனாளா தாயே’ என்று வந்துவிட்டது. குழந்தை எடுத்தது வெள்ளை. பூசாரி போதும் எழுந்திருங்கள் என்றார். நான் எழுந்திருக்கவில்லை. ‘நா போயிக் கூப்புட்டா வருவாளா’ என்று இன்னொரு கேள்வி கேட்டேன். குழந்தை கொடுத்த பொட்டலத்தைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. மாட்டையும் கன்றையும் நரசிம்மலு தோட்டத்தில் கட்டிவிட்டு வந்துவிட்டேன். இதைத் திருப்பூர் பஸ் ஸ்டாண்டில், கோபி பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். கடிதத்தை நானே உங்கள் கையில் கொடுப்பேன். பொட்டலம் சட்டைப் பையில் அப்படியே இருக்கிறது. அதை மாரியாத்தாளிடம்தான் கொடுக்கப் போகிறேன். வெள்ளையா சிவப்பா என்று அவளே பிரித்துச் சொல்லட்டும்.