தவராசா அங்கிளோடு புறா சுடப் போனது

ஒரே மொழி பேசுகிற இரண்டு பேருக்கு நடுவில் குழப்பம் வராது என்று நம்புகிறவர்கள், தயவுசெய்து ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் வீட்டில் பெண் கேட்டுப் பாருங்கள். நான் திண்டுக்கல்காரன். ஒரு சொல் ஜெர்மன் தெரியாமல் டோர்ட்மண்டில் வந்து இறங்கியபோதுகூட நான் இவ்வளவு திணறியதில்லை. ஜெர்மன்காரர் பேசினால் புரியவில்லை என்பதாவது எனக்குப் புரியும். தவராசா அங்கிள் பேசினால் எல்லாமே புரிந்துவிட்டது போலத் தோன்றும். ஆபத்து அங்கேதான் இருந்தது.

தவராசா அங்கிள் துஷியின் அப்பா. துஷி இங்கேயே பிறந்து வளர்ந்து, முதுகுவலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பல்கலைக்கழகத்தில் இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். (என் வலது தோள் பிடித்துக்கொண்டதில் ஆரம்பித்த காதல் அது.) துஷியின் அம்மா சம்மதித்துவிட்டார். அங்கிள் மட்டும், "பாப்பம்" என்றார். எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர் "பார்ப்போம்" என்றால் பாதி சம்மதம். மாதங்கள் போயின, அங்கிள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவருக்கு டிராக்டர், அறுவடை இயந்திரம் ரிப்பேர் செய்யும் வேலை. நகரத்துக்கு வடக்கே உள்ள விவசாயிகள் பலர் அவருக்குச் சிநேகிதர்கள். நவம்பர் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வாழ்க்கையில் முதல்முறையாக அவரே எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, நாளைக்குக் காலமை யூப்பின்ர தோட்டத்தில புறா சுடப் போறம். நீரும் வாருமன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமனாராக வரப்போகிறவர், ஜெர்மன் நண்பர் வீட்டுத் தோட்டத்தில் நடக்கிற விருந்துக்கு என்னைக் கூப்பிடுகிறார்! புறாவைச் சுடுகிறார்கள் என்றால் கரி அடுப்பு, கம்பி வலை, சுற்றிலும் நாற்காலி எல்லாம் இருக்கும். காலையிலேயே ஏன் என்று ஒரு சந்தேகம் எழுந்தது. மாரினேட் செய்ய நேரம் வேண்டுமல்லவா என்று நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

எதற்கும் இருக்கட்டும் என்று, பயிற்சி வகுப்புக்காக வேறு ஊர் போயிருந்த துஷிக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: "உங்க அப்பா என்னைப் புறா சுடக் கூப்பிட்டிருக்கார்."

உடனே பதில் வந்தது: "ஓம், குளிர் தொடங்கினா அவர் ஒவ்வொரு சனியும் போறவர். போங்கோ. நல்லாச் சுடுவார்."

போதாதா? அன்று மாலையே தமிழ்க் கடைக்குப் போய் மிளகு, சோம்பு, இஞ்சி, பூண்டு வாங்கி வந்து, விழுது அரைத்து ஒரு எவர்சில்வர் டப்பாவில் அடைத்தேன். நேர்முகத் தேர்வுகளுக்கு மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டேன்.

விடிகிற நேரம் அங்கிளின் பட்டறை வாசலில் போய் நின்றேன். பனிமூட்டத்துக்குள்ளிருந்து அவர் தொப்பி முதல் பூட்ஸ் வரை பச்சையாக வெளிப்பட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி, கலியாண வீட்டுக்கே வெளிக்கிட்டனீர்?"

"இல்ல அங்கிள், சும்மாதான்."

டீசல் வாடை அடிக்கும் பழைய பச்சை மழைக்கோட்டு ஒன்றை எடுத்து என் கையில் தந்தார். "இதைப் போடும். வெள்ளை தெரிஞ்சா அதுகள் கிட்ட வராதுகள்."

அதுகள் என்றால்? யூப் வீட்டுக் குழந்தைகளாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். (வெள்ளைச் சட்டை போட்டவனைப் பார்த்தால் ஊசி போடுகிற டாக்டர் என்று பயப்படும் போலிருக்கிறது. பாவம்.)

வண்டியின் பின்பக்கத்தில் ஒரு சாக்கு நிறையச் சாம்பல் நிறப் புறாக்கள். ஏற்கனவே வாங்கி வைத்துவிட்டார், கெட்டிக்காரர் என்று நினைத்து ஒன்றை மெல்லத் தொட்டுப் பார்த்தேன்.

"அங்கிள், இது பிளாஸ்டிக்."

"ஓம்" என்றார். பிளாஸ்டிக்கை எப்படிச் சுடுவார்கள் என்ற கேள்வியோடு முன்சீட்டில் உட்கார்ந்து, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டேன்.

யாழ்ப்பாணத்தில் தோட்டம் என்றால் வயல் என்பது வண்டி நின்றபோதுதான் தெரிந்தது. பூச்செடி இல்லை, நாற்காலி இல்லை, கரி இல்லை. மக்காச்சோளம் அறுத்த அடிக்கட்டைகள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சேற்றில் துருத்திக்கொண்டு நின்றன. அதற்கு அப்பால் பச்சையாக இளம் பயிர், ராப்ஸ் என்று இங்கே சொல்கிற எண்ணெய் வித்து. யூப் என்ற விவசாயி அங்கே நின்றிருந்தார், கதவு அகலத்துக்கு ஒரு மனிதர். கூடவே லோட்டே என்ற பழுப்பு நாய். காட்டுப்புறாக்கள் கூட்டமாக இறங்கி இலையைத் தண்டுவரை தின்றுவிடுகின்றன என்று அவர் ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டினார். அவர் பேசிய நாட்டுப்புற ஜெர்மனில் "புறா" என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. நான் பலமாகத் தலையாட்டினேன்.

அங்கிள் சாக்கை என்னிடம் கொடுத்தார். "இந்தப் பொம்மையளை அடிக்கட்டைக்கு நடுவில வடிவா வையும்."

வடிவாக என்றால் அழகாக. அவர் கேட்டது "சரியாக" என்பது எனக்கு எப்படித் தெரியும்? பொங்கலுக்கு வாசலில் கோலம் போடுகிற சிரத்தையோடு பிளாஸ்டிக் புறாக்களை ஒன்றையொன்று பார்த்தபடி வட்டமாக அடுக்கி, நடுவில் கொழுத்த ஒன்றைத் தலைவராக உட்கார வைத்தேன். உண்மையில் அவை காற்றடிக்கிற திசையைப் பார்த்து, மேய்கிற மாதிரி சிதறி நிற்க வேண்டுமாம்.

அங்கிள் வந்து பார்த்தார். "என்ன தம்பி, சங்கக் கூட்டமே நடக்குது? தலைவர் தெரிவோ?"

பிறகு யூப்பும் அவருமாகக் குனிந்து எல்லாவற்றையும் மாற்றி வைத்தார்கள். நடுவில் ஒரு ராட்டினத்தை நட்டார்கள். இரண்டு நீண்ட கம்பிகளின் நுனியில் சிறகு விரித்த இரண்டு பிளாஸ்டிக் புறாக்கள். பேட்டரியைப் போட்டதும் அவை வயல்மேல் வட்டமடித்து இறங்குவதுபோலச் சுற்றின. மேலே பறக்கிற புறா இதைப் பார்த்து, "நம்ம ஆட்கள் சாப்பிடுகிறார்கள்" என்று நம்பி இறங்க வேண்டும். யூப் நாயை விட்டுவிட்டு வயலின் மறுகோடிக்குப் போய்விட்டார்.

நாங்கள் வேலியோரம் கட்டியிருந்த மறைப்பு வலைக்குள் நுழைந்து, கவிழ்த்த வாளிகளின்மேல் உட்கார்ந்தோம். அங்கிள் நீளமான ஒரு உறையின் ஜிப்பைத் திறந்தார். உள்ளேயிருந்து துப்பாக்கி வந்தது.

"சுட" என்ற சொல் என் மண்டைக்குள் புரண்டு படுத்தது அந்த நிமிடத்தில்தான்.

"அதென்ன டப்பா? சாப்பாடே?" என்றார் அங்கிள், இரண்டு தோட்டாக்களைப் போட்டுக்கொண்டே.

"மசாலா அங்கிள். புறாவுல தடவி... சுடறதுக்கு..."

அவர் டப்பாவைப் பார்த்தார். துப்பாக்கியைப் பார்த்தார். என்னை வெகுநேரம் பார்த்தார்.

"தம்பி, நீர் கலாநிதிப் பட்டம் எடுத்தது உண்மைதானே?"

எங்கள் ஊரில் கலாநிதி என்பது ஆளின் பெயர். பட்டம் என்றால் நூல் கட்டி விடுவதும்தான். கலாநிதி என்ற யாரோ ஒருவரின் பட்டத்தை நான் திருடிவிட்டதாகச் சொல்கிறார் என்று பதறிப்போனேன். "சத்தியமா இல்ல அங்கிள். அப்படி யாரையுமே எனக்குத் தெரியாது. நான் எதையும் எடுக்கல."

அங்கிளின் முகம் இருண்டது. (அவர் கேட்டது என் முனைவர் பட்டத்தைப் பற்றி என்று அன்று மாலை துஷி சொன்ன பிறகு, நான் சற்றுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.)

"சரி. கதையாதையும்" என்றார்.

கதை விடாதே என்கிறார் என்று புரிந்துகொண்டு, "கதை இல்ல அங்கிள், நிஜமாவே எடுக்கல" என்றேன்.

"வாயைத் திறவாதையும் எண்டு சொல்லுறன்!"

அது புரிந்தது. திறக்கவில்லை. முதல் கூட்டம் வானத்தில் தெரிந்தபோது வாயைத் திறக்காமலேயே உதவ நினைத்து எழுந்து கையை நீட்டிக் காட்டினேன். நூறு சிறகுகள் ஒரே நேரத்தில் திரும்பிப் போயின. இரண்டாவது கூட்டத்துக்குத் தும்மினேன். மூன்றாவது முறை நான் அசையவே இல்லை. அங்கிள் இரண்டு குண்டும் சுட்டார், ஒன்றும் விழவில்லை. "காத்து" என்றார். அடுத்த தடவையும் காற்றுதான். பிறகு ஒருவழியாக விழத் தொடங்கின. லோட்டே ஓடி ஓடிக் கவ்விக்கொண்டு வந்தது. கோயில் கோபுரத்துப் புறாவைவிடப் பெரியவை, கழுத்தோரம் வெள்ளைப் பட்டை. அவற்றில் சிலவற்றை அங்கிள் தாடைக்கு அடியில் குச்சி வைத்து, உயிரோடு மேய்வதுபோலப் பொம்மைகளுக்கு நடுவே நிறுத்தினார். மிச்சத்தை வலையோரம் வரிசையாகக் கிடத்தினார்.

சற்று நேரத்தில் யூப் போனில் கூப்பிட்டார். ஒரு பெரிய கூட்டம் அவர் பக்கம் இறங்கியிருக்கிறதாம். அங்கிள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, நாயையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். "நான் அங்கால போயிட்டு வாறன். விழுந்து கிடக்கிறதை மட்டும் நிமித்தி வையும். வேற ஒண்டும் செய்யவேண்டாம்."

தனியாக உட்கார்ந்து பார்த்தேன். ராட்டினத்துக்கு அருகில் ஒரு புறா சாய்ந்து கிடந்தது. பொறுப்போடு போய், குனிந்து, அதன் கழுத்தைப் பிடித்து நிமிர்த்தினேன்.

அது பிளாஸ்டிக்கும் இல்லை, செத்ததும் இல்லை. எங்கள் நாடகத்தை நம்பி இறங்கி, சாவகாசமாக மேய்ந்துகொண்டிருந்த நிஜப் புறா. படபடவென்று என் முகத்திலேயே சிறகடித்து எழுந்தது. நான் கத்திக்கொண்டு பின்னால் விழுந்தேன். கோட்டின் வார் ராட்டினத்தில் மாட்டிக்கொண்டது. அது சுற்றச் சுற்றக் கோட்டைச் சுருட்டிக்கொண்டு போக, நான் வெள்ளைச் சட்டையோடு சேற்றில் உருண்டேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பிளாஸ்டிக் புறா வந்து என் பிடரியில் தட்டிவிட்டுப் போனது.

வேலிக்கு அப்பால் மண்பாதையில் ஒரு சைக்கிள் நின்றது. ஹெல்மெட் போட்ட ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்தது என் தலை மட்டும்தான்.

"ஏதாவது ஆகிவிட்டதா? உதவி வேண்டுமா?" என்று ஜெர்மனில் கேட்டார்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. நாங்கள் செய்வது முறையான காரியம்தான் என்று விளக்க நினைத்து, மூச்சிரைக்க, வகுப்பில் படித்த ஜெர்மனைத் திரட்டினேன். தமிழில் செத்துப்போச்சு, செத்துப்போனார் என்று உயிரைப் பார்த்து வினைச்சொல் மாறும். ஜெர்மனில் மனிதன் செத்தாலும் புறா செத்தாலும் அதே வினைச்சொல்தான். அந்தக் கொடுமையை நான் அப்போது யோசிக்கவில்லை.

"வேண்டாம், நன்றி! எல்லாரும் செத்துவிட்டார்கள்."

"யார்?"

"இங்கே இருந்த எல்லாரும். என் மாமனார் சுட்டார்."

(மாமனார் என்று ஏன் சொன்னேன்? "என் காதலியின் தந்தை" என்று சொல்ல வேற்றுமை உருபு வேண்டும். அது எனக்கு வராது.)

அந்த அம்மாவின் குரல் மெலிந்தது. "அவர் இப்போது எங்கே?"

"மிச்சம் இருப்பவர்களைத் தேடிப் போயிருக்கிறார்."

சைக்கிள் அந்த வேகத்தில் போகும் என்று நான் நினைத்ததே இல்லை. இறந்தகாலத்தைப் பிழையில்லாமல் சொல்லிவிட்டேன் என்ற மகிழ்ச்சியோடு கோட்டை அவிழ்க்கத் தொடங்கினேன்.

அவிழ்த்து முடிப்பதற்குள் இரண்டு போலீஸ் வண்டிகள் வந்துவிட்டன. ஒரு பெண் அதிகாரி கையை மேலே தூக்கச் சொன்னார், தூக்கினேன். செத்தவர்கள் எங்கே என்றார். நான் தூக்கிய கையாலேயே வலையோரத்தைக் காட்டினேன். அவர் போனார். வரிசையாகக் கிடந்த புறாக்களைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த டப்பாவைத் திறந்து முகர்ந்தார். கூட வந்த இளம் போலீஸ்காரர் சட்டென்று எங்களுக்கு முதுகைக் காட்டி வேலியை ஆராயத் தொடங்கினார். அவர் தோள்கள் குலுங்கின.

அப்போதுதான் தவராசா அங்கிளும் யூப்பும் மூலை திரும்பி வந்தார்கள். போலீஸைக் கண்டதும் அங்கிள் நின்றார். துப்பாக்கியை நடுவில் மடித்துத் திறந்து, தோட்டாக்களை எடுத்துவிட்டு, கையில் தொங்கப் போட்டுக்கொண்டு நிதானமாக நடந்து வந்தார். வேட்டை அனுமதி, துப்பாக்கி அனுமதி எல்லாவற்றையும் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். யூப் இது தன் வயல்தான் என்றார். பெண் அதிகாரி எல்லாம் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைசியாக என்னைச் சுட்டினார்.

"சைக்கிளில் வந்த அம்மாவிடம் இவர் உங்களைத் தன் மாமனார் என்றாராம். உங்கள் மருமகனா?"

ராட்டினம் மட்டும் கிறீச் கிறீச்சென்று சுற்றியது. இல்லை என்றால் நான் பொய்யன், சேற்றில் கிடக்கும் அடையாளம் தெரியாத ஆள். ஆமாம் என்றால், அவர் மாதக்கணக்கில் சொல்லாமல் வைத்திருந்த பதிலைப் போலீஸுக்கு முன்னால் சொன்னதாகிவிடும். அங்கிள் என் சட்டையைப் பார்த்தார். என் தலையில் ஒட்டியிருந்த இறகைப் பார்த்தார்.

"நொஹ் நிஷ்ட்" என்றார்.

இன்னும் இல்லை.

வண்டிகள் போன பிறகு மெதுவாகக் கேட்டேன். "அங்கிள், இன்னும் இல்லன்னா... அப்புறம்?"

"பேந்து பாப்பம். முதல்ல போய் மேலைக் கழுவும்."

மேலே உள்ளது தலை. எனவே யூப் வீட்டுக் கொட்டகைக் குழாயில் நவம்பர்த் தண்ணீரில் தலையைக் கழுவினேன். (உடம்பைக் கழுவு என்று அர்த்தமாம்.) மாலையில் போனில் எல்லாவற்றையும் கேட்ட துஷி கூவினாள்: "இல்லை எண்டு சொல்லேல்லையே? இன்னும் இல்லை எண்டுதானே சொன்னவர்? ஐயோ, அப்ப அது ஓம்!"

ஓம்தான். அடுத்த வருடம் கல்யாணம் நடந்தது. விருந்தில் யூப் ஒலிபெருக்கியைப் பிடுங்கி, நான் சேற்றில் உருண்டதை நடித்தே காட்டினார். அன்றிலிருந்து, மாமாவாகிவிட்ட அங்கிளிடம் யார் வந்து, "இவர் உங்கட மருமகனோ?" என்று கேட்டாலும், அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்து, ஒரு நிமிடம் யோசித்து, "நொஹ் நிஷ்ட்" என்பார். வீடே சிரிக்கும். நானும் சிரித்துத் தொலைப்பேன்.

போன மாதம் மகளைக் கிண்டர்கார்டனிலிருந்து கூட்டிவரப் போனேன். வேலைக்குப் புதிதாக வந்த ஆசிரியை குனிந்து, "இது உன் அப்பாவா?" என்று அவளிடம் கேட்டார். அவள் என் செருப்பிலிருந்து தலைவரை பார்த்தாள். ஒரு நிமிடம் யோசித்தாள்.

"நொஹ் நிஷ்ட்."

துஷி போனில் சிரித்து முடித்து நான் யாரென்று சொல்லும்வரை, அவர்கள் குழந்தையை என்னிடம் தரவில்லை.